புது ரெசிடென்சி ப்ரோக்ராம்: ரேங்க் லிஸ்ட் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு துறையில் பெறும் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் நம் மருத்துவர்கள் பலர், புதிதாகத் தொடங்கிய ப்ரோக்ராமிலிருந்து இன்டர்வியூ வந்தால், அதை ரேங்க் லிஸ்டில், அதாவது தங்கள் விருப்ப வரிசைப் பட்டியலில், சேர்ப்பதா என்று குழம்பிப்போகிறார்கள். குழப்பம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறோம்.

'ஆரம்ப அங்கீகாரம்' என்று பார்த்ததுமே ஒதுக்கிவிடுவது முதல் தவறு. ரெசிடென்சி ப்ரோக்ராம்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ. எல்லாப் புது ப்ரோக்ராமுக்கும் முதலில் தருவது அதைத்தான். அதன் கீழ் பயிற்சி முடித்தவரும் துறை நிபுணர் சான்றிதழுக்கான போர்டு தேர்வு எழுதலாம். கூடவே 'எச்சரிக்கையுடன்' என்று போட்டிருந்தால் யோசியுங்கள். ஏ.சி.ஜி.எம்.இ. இணையதளத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய தவறு, நோயாளிகளைப் பற்றிக் கேட்காமல் வருவது. பளபளக்கும் கட்டடம் வேலை கற்றுத் தராது. ஜெனரல் சர்ஜரியில் ஐந்து ஆண்டில் 850 பெரிய அறுவை சிகிச்சைகளாவது செய்திருக்க வேண்டும், அதில் 200 கடைசி ஆண்டில். இத்தனை நாள் தனியாகவே அறுவை சிகிச்சை செய்து பழகிய மூத்த மருத்துவர்கள் கத்தியை உங்கள் கையில் தருவார்களா? இதை நேராகவே கேளுங்கள். இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவத்தில்) இந்த ஆபத்து குறைவு. வார்டு நிறைய நோயாளிகள் இருந்தால் தைரியமாகச் சேரலாம் என்பது என் எண்ணம்.

மருத்துவமனை இந்த ப்ரோக்ராமை ஏன் தொடங்கியது என்றும் பாருங்கள். முன்பு ரெசிடென்ட்களே இல்லாத மருத்துவமனைக்கு, எத்தனை ரெசிடென்ட்களுக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தரும் என்ற உச்சவரம்பு முதல் ஐந்து ஆண்டு வளர்ச்சியை வைத்துத்தான் முடிவாகிறது. அதனால் அந்த ஐந்து ஆண்டுக்குள் துறை துறையாகத் திறந்து இடங்களைப் பெருக்கப் பார்ப்பார்கள். அது குற்றமில்லை. சொல்லித்தர ஆளும் அதே வேகத்தில் சேர்கிறார்களா என்பதுதான் கேள்வி. தொடங்கிய பிறகு ப்ரோக்ராம் டைரக்டர் எத்தனை முறை மாறினார் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

'பழைய இடம்னா பயமில்லை' என்று நம்புவதும் தவறுதான். ஃபிலடெல்ஃபியாவின் ஹானிமன் மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கியது. 2019இல் பணநெருக்கடியில் மூடியபோது 550க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்களும், ரெசிடென்சிக்குப் பின் மேற்பயிற்சி பெறும் ஃபெலோக்களும் நடுத்தெருவில் நின்றார்கள். வெளிநாட்டு மருத்துவர்கள் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசாவில் இருந்தவர்களுக்குப் புது இடம் தேட 30 நாள்தான். பிற்காலத்தில் வழக்கு வந்தால் காக்கும் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பதும் மாதக்கணக்கில் இழுத்தது. ஆக, புதுசோ பழசோ, மருத்துவமனையின் உரிமையாளர் யார், வரவு செலவு எப்படி என்று விசாரியுங்கள்.

அப்புறம், மேட்ச் (இரு தரப்பின் ரேங்க் லிஸ்டையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கிடைத்தால் போக மாட்டேன் என்று தோன்றும் இடத்தை ரேங்க் லிஸ்டில் எழுதாதீர்கள்.

முதல் பேட்ச்சில் சேர்ந்தால் உங்களுக்கு சீனியரே இருக்க மாட்டார். இரவு 2 மணிக்கு நோயாளி மோசமானால் யாரை எழுப்புவது, அவர் மருத்துவமனையிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.