நிலத்தடி தண்ணி கெட்டுப்போச்சுன்னா ஊருக்கு வேற தண்ணி எப்படி ஏற்பாடு பண்றது?

போர் தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சதும் எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த ஃபில்டர் வாங்கலாம்னு தான். அதுக்கு முன்னாடி தண்ணில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாகணும், அதை வெச்சு தான் மத்ததெல்லாம். கிருமின்னா நல்லா கொதிக்க வெச்சா போதும். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட்டுன்னா கொதிக்க வெக்கறது ஆபத்து, தண்ணி ஆவியா போய் மிச்சத்துல அதோட அளவு இன்னும் ஏறிடும். தண்ணில கரைஞ்சிருக்கற உப்பெல்லாம் மொத்தமா எவ்வளவுன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் நம்பர் கம்மியா காட்டுதுன்னு நிம்மதி ஆயிடாதீங்க, அதுக்கு ஆர்செனிக்கும் தெரியாது கிருமியும் தெரியாது. லேப்ல தான் குடுக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அதிகபட்ச அளவு லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5, நைட்ரேட் 50. பெட்ரோல் மாதிரி ஆவியாகற கெமிக்கல் கலந்திருந்தா குளிக்கும்போது மூச்சு வழியாவும் உள்ள போகும், அப்ப குடிக்கற தண்ணிய மட்டும் மாத்தினா பத்தாது.

டெஸ்ட் பண்ணும்போது ஒரு போரோட நிறுத்தாதீங்க, ஊர்ல இருக்கற எல்லா போர், கிணறு சாம்பிளும் எடுங்க. பக்கத்து பக்கத்து போர்லயே அளவு நிறைய மாறும். வங்கதேசத்துல ஆர்செனிக் பிரச்சனை வந்தப்போ அடிபம்புகள டெஸ்ட் பண்ணி கெட்டதுக்கு சிவப்பு, நல்லதுக்கு பச்சை பெயிண்ட் அடிச்சாங்க, நிறைய குடும்பங்க பச்சை பம்புக்கு மாறினாங்க, செலவு ரொம்ப கம்மி. இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி வரும்னு யாராவது சொன்னா உடனே மிஷினை கூப்பிடாதீங்க, சில இடத்துல அது உண்மை, பாறை பூமில ஆழம் போகப்போக ஃபுளோரைடு ஏறவும் செய்யும்.

அடுத்து தேவைய ரெண்டா பிரிங்க. குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டர் மாதிரி போதும். துணி துவைக்க, கழுவ, செடிக்கு ஊத்தறதுக்கெல்லாம் ஆர்செனிக், ஃபுளோரைடு இருக்கற பழைய தண்ணியே பல நேரம் ஓடும் (காய்கறிக்கு ஆர்செனிக் தண்ணி வேணாம்). இப்படி பிரிச்சுட்டா மலை மாதிரி தெரிஞ்ச வேலை பாதிக்கு மேல குறைஞ்சுடும்.

அந்த 7 லிட்டருக்கு நான் மொதல்ல பாக்கறது மழைத்தண்ணி தான். 1 சதுர மீட்டர் கூரைல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர், சிந்தறது தெறிக்கறது போக 80 சதவீதம் கிடைக்கும்னு வைங்க. 100 சதுர மீட்டர் மாடி, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழைன்னா 64,000 லிட்டர் வருது. 5 பேர் இருக்கற வீட்டுக்கு குடிக்க சமைக்க வருஷத்துக்கே 13,000 லிட்டருக்குள்ள தான். 6 மாசம் மழையே இல்லன்னாலும் 6,500 லிட்டர் டேங்க் ஒண்ணு இருந்தா தாங்கிடும், வீட்டுக்கு வீடு முடியலன்னா பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் மாதிரி பெரிய கூரைல பிடிச்சு பொதுவா வெச்சுக்கலாம். மொத மழைய வெளிய விட்டுடணும், ஈயம் கலந்த பெயிண்ட் அடிச்ச கூரைன்னா வேண்டவே வேண்டாம், டேங்க்ல வெளிச்சமும் கொசுவும் போகக்கூடாது, குடிக்கறதுக்கு முன்னாடி குளோரின் போட்டு அரை மணி நேரம் விடணும்.

ஏரி, ஆத்து தண்ணில கிருமி தான் பெரிய பயம், மணல் ஃபில்டரும் குளோரினும் வெச்சு சமாளிக்கலாம், பச்சையா பாசி படர்ந்து நாத்தம் அடிச்சா மட்டும் தொடாதீங்க, அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது. லாரி தண்ணி அவசரத்துக்கு மட்டும், எங்க ரொப்பறாங்கன்னு கட்டாயம் கேளுங்க, அதே கெட்ட பூமில இருந்தே எடுத்துட்டு வந்தா என்ன பிரயோஜனம். ஆர்ஓ பிளான்ட் (தண்ணிய அழுத்தி மெல்லிய சவ்வு வழியா வடிகட்டற மிஷின்) போடறதா இருந்தா அந்த சவ்வு, அதாவது மெம்ப்ரேன், மாத்த காசு யார் தருவா, கழிவுத்தண்ணி எங்க போகும்னு மொதல்லயே பேசி முடிங்க, இத பேசாம ஆரம்பிச்சா சீக்கிரம் பூட்டு தொங்கும்.

கடைசில நிரந்தர தீர்வுன்னா பெரும்பாலும் வெளில இருந்து வர்ற பைப்லைன் தான், அதுக்கு நாளாகும், அதனால லேப் ரிப்போர்ட் எல்லாம் தேதியோட பத்திரமா வெச்சு ஊரா சேர்ந்து மனு குடுங்க, கெடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சா செலவையும் அவங்ககிட்டயே கேளுங்க. புது தண்ணி எதுவா இருந்தாலும் குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட், அப்புறம் மழைக்கு முன்னாடி, பின்னாடி ஒவ்வொண்ணு, ரிப்போர்ட்டை தண்ணி பிடிக்கற இடத்துலயே எல்லாரும் படிக்கற மாதிரி ஒட்டிடுங்க.