ஸ்நோர்க்கல் மாஸ்க் வாங்குவதில் நாங்கள் விடுகிற பிழைகள்

ஆடி, ஆவணி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு குடும்பம் வந்து இறங்கும். முதல்நாள் திருகோணமலைக் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று. அடுத்த நாள் நிலாவெளியில் படகெடுத்துப் புறாத்தீவு. சூட்கேசைத் திறந்தால் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் பெட்டி பிரிக்காத ஸ்நோர்க்கல் செட் நாலு கிடக்கும்: கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மூச்சு விட வாயில் கடிக்கும் குழாய். அதைக் கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு யார் அரை மணித்தியாலம் தண்ணீரில் மிதந்து சுறா பார்ப்பார்கள், யார் ஐந்தாவது நிமிடம் கரையேறிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று. இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பிழை ஒவ்வொன்றையும் நானும் ஒருகாலத்தில் காசு கொடுத்து வாங்கியவன்தான்.

பவளப்பாறையை மிதிக்காதே, தனியாகப் போகாதே, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே என்பதெல்லாம் படகுக்காரர்களே சொல்லித் தருவார்கள், அதற்குள் நான் போகவில்லை. கடையில் நிற்கும்போது விடுகிற பிழைகள் மட்டும்.

நீச்சல் கண்ணாடியே போதும் என்பது

போதாது. மூக்கு வெளியே நிற்கும், பழக்கதோசத்தில் ஒருமுறை மூக்கால் இழுத்தால் கதை முடிந்தது. இரண்டு மீற்றர் கீழே போனால் தண்ணீரின் அழுத்தம் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டவைத்துவிடும். மாஸ்க்கில் மூக்கும் உள்ளே இருப்பதால் கொஞ்சம் காற்றை மூக்கால் விட்டுச் சமாளிக்கலாம், நீச்சல் கண்ணாடிக்குள் காற்று விட வழியே இல்லை.

கடையில் மூச்சை உறிஞ்சி, "ஒட்டுது" என்பது

எல்லாரும் செய்வது. மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் பலமாக இழுத்து, கையை விட்டுக் காட்டி, விழவில்லை என்று சந்தோசப்படுவார்கள். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் எந்த முகத்திலும் ஒட்டும், சாப்பாட்டுக் கோப்பைகூட ஒட்டும்.

செய்ய வேண்டியது வேறு. அண்ணாந்து பாருங்கள். பட்டியை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் சும்மா வையுங்கள், மூச்சை இழுக்க வேண்டாம். கூட வந்தவரைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஓரத்து சிலிக்கோன் எங்காவது தோலைவிட்டு எழும்பி நிற்கிறதா என்று. கன்னத்துப் பள்ளத்திலும் புருவங்களுக்கு நடுவிலும்தான் பெரும்பாலும் நிற்கும். அப்புறம் ஸ்நோர்க்கலின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள், ஏனென்றால் வாயில் ஒன்றைக் கடித்தவுடன் கன்னத்தின் அமைப்பே மாறிவிடும். வாய் மூடியிருக்கும்போது பொருந்திய எத்தனையோ மாஸ்க் அந்த நேரம் ஒழுகியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக மெல்ல ஒரு மூச்சு, ஒரு மிடறு அளவுக்கு. அதற்கு நின்றால் எடுக்கலாம்.

ஓரம் சிலிக்கோனா மலிவான பிளாஸ்ரிக்கா என்பதை மடித்துப் பார்த்தால் தெரியும். சிலிக்கோன் விரலுக்கு மெத்தென்று மடிந்து, விட்டவுடன் பழையபடி வந்துவிடும். மற்றது கொஞ்சம் முறைத்துக்கொண்டு வரும், வெயிலில் ஒரு வருசம் கிடந்தால் பலகை. கண்ணாடியில் ‘டெம்பர்ட்’ என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிளாஸ்ரிக்காக இருக்கலாம், அல்லது உடைந்தால் கண்ணுக்கு முன்னால் கூராக உடையும் சாதாரணக் கண்ணாடியாக இருக்கலாம். இரண்டும் வேண்டாம்.

ஒழுகினால் பட்டியை இறுக்குவது

இறுக்க இறுக்க ஓரம் மடிந்து இன்னும் ஒழுகும். பட்டியின் வேலை மாஸ்க் கழன்று போகாமல் பார்ப்பது மட்டுமே, தண்ணீரை நிறுத்துவது சிலிக்கோன். பட்டி காதுக்கு மேலால் போய்ப் பின்மண்டையின் புடைப்பில் நிற்கட்டும். சாயங்காலம் வரைக்கும் முகத்தில் சிவப்பு வட்டம் இருந்தால், ஒன்றில் பட்டி இறுக்கம், அல்லது மாஸ்க்கே உங்களுடையது இல்லை.

"வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடு"

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகளின் சாமான் வாங்குவதில் ஒரு கணக்கு உண்டு. சப்பாத்து பெரிசென்றால் முன்னால் பஞ்சு வைக்கலாம், காற்சட்டை நீளமென்றால் மடித்துத் தைத்து, வருசத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடலாம். அந்தக் கணக்கோடுதான் நான் கொழும்பில் ஒரு கடையில் நின்றேன். அக்காவின் மகனுக்கு அப்போது ஏழு வயது, 22 கிலோ, முன்பல் இரண்டும் விழுந்திருந்த நேரம். கடைப் பெடியன் சிறுவர் சைஸை எடுத்துத் தந்துவிட்டு, "அண்ணை, மற்றது பெரியாக்களின்ர" என்று சொன்னான்தான். "மூண்டு வருசத்தில முகம் வந்திடும், தம்பி" என்று சிறுவர் செட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தவன் நான். நல்ல மாஸ்க்தான், விலையும் கூட.

புறாத்தீவில் இடுப்பளவு தண்ணீர். மாஸ்க்கின் பக்க ஓரங்கள் அவனுடைய நெற்றிப்பொட்டு மயிரில் ஏறி நின்றன. கீழ் ஓரம் மேல்உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்நோர்க்கலைக் கடிக்க அவன் வாயை மூடும்போதெல்லாம் உதடு மாஸ்க்கை மேலே தள்ள, உப்புத்தண்ணீர் நேரே மூக்குக்குள். நான் என்ன செய்தேன்? பட்டியை இறுக்கினேன். இரண்டு நிமிடம் முகத்தைத் தண்ணீரில் வைத்திருந்தான். குழாய் வழியாக அவன் மூச்சு கேட்டது, நாய்க்குட்டி இளைக்கிற மாதிரி, சின்னச் சின்னதாக, வேகமாக. தலையைத் தூக்கி, "மாமா, காத்து வருது, ஆனா காணாது" என்றான்.

"பழகினா சரி வரும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வரும். அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

பிற்பாடு அந்த ஸ்நோர்க்கலை நான் அளந்து பார்த்தேன். வாய்ப்பகுதியையும் அடி வால்வையும் விரலால் அடைத்து, மேல்வாயால் தண்ணீர் நிரப்பி, பாணி மருந்தோடு வருகிற அளவுக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கிட்டத்தட்ட 175 மில்லிலீற்றர். இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், மூச்சை விட்டு முடிக்கும்போது குழாய் முழுக்க நிற்பது நாம் விட்ட பழைய காற்று, அடுத்த மூச்சில் முதலில் உள்ளே வருவதும் அதுதான். வளர்ந்த ஆள் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் அளவு இழுப்பார், அதில் 175 பழசென்றாலும் மிச்சம் புதுசு. 22 கிலோப் பிள்ளையின் சாதாரண மூச்சு 150 மில்லிலீற்றர் அளவுதான். அந்த மூச்சை அந்தக் குழாயில் விட்டால் அவனுக்குத் திரும்ப வருவது அவனுடைய காற்றே. உடம்பு சும்மா இருக்காது, ஆழமாக இழு என்று கேட்கும். பெரியவருக்குப் பழக்கினால் அப்படி இழுப்பார். ஏழு வயதுப் பிள்ளை, மூக்கில் உப்பு எரிய, பயத்தில் என்ன செய்யும்? இன்னும் சின்னதாக, இன்னும் வேகமாக இழுக்கும். செய்யக்கூடாதது அதுதான்.

ஐரோப்பாவின் ஸ்நோர்க்கல் தரம் ஈஎன் 1972 என்று ஒன்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள்: வளர்ந்தவர்களுக்கு நீளம் 38 சென்ரிமீற்றர், கொள்ளளவு 230 மில்லிலீற்றர் வரை, நுரையீரல் சின்னதாக இருப்பவர்களுக்கு 35 சென்ரிமீற்றர், 150 மில்லிலீற்றர் வரை. இவை மேல் எல்லைகள், ஏழு வயதுக்கு இதைவிடக் குறைவாகவே தேடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கவில்லையென்றால் மேலே சொன்ன மருந்துக் கோப்பை வேலையைச் செய்யுங்கள், ஐந்து நிமிடம்.

அந்த மாஸ்க்குக்குக் கொடுத்த காசை விடுங்கள். அவன் அதற்குப் பிறகு மூன்று வருசம் முகத்தைத் தண்ணீரில் வைக்கவில்லை. கிணற்றடியில் வாளியைத் தலையில் கவிழ்க்க விடமாட்டான், குவளையால் தோளில்தான் ஊற்ற வேண்டும். வருசா வருசம் நாங்கள் எல்லாரும் தீவுக்குப் போவோம், அவன் மணலில் அம்மம்மாவோடு குடைக்குக் கீழே. அவன் முகம் கடைசியில் அந்த மாஸ்க்குக்கு வந்து சேர்ந்தபோது சிலிக்கோன் மஞ்சளாகி, குழாயின் அடி வால்வு விறைத்துப்போய், தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மிச்சம் பிடித்தேன் என்று நினைத்தது இதுதான்.

ஆகவே பிள்ளைக்கு வாங்கப் போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், தலையளவு சொல்லி வாங்கும் சாமான் இல்லை இது. மேல் ஓரம் மயிர் தொடங்கும் இடத்துக்குக் கீழே, பக்க ஓரம் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, கீழ் ஓரம் உதட்டைத் தொடாமல். மாஸ்க்கைப் போட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள், சிரித்தால் கன்னம் மடிந்து எது ஒழுகும் என்று தெரிந்துவிடும். வாய்ப்பகுதி சின்னதாக இருக்க வேண்டும். பெரியவர்களுடையதைக் கடித்தால் தாடை நோகும், உதடு முழுக்க மூடாது. பல் ஆடிக்கொண்டிருக்கிற பருவமென்றால் அந்தப் பல் விழும்வரை பொறுங்கள். வாங்கி வந்த பிறகு இரண்டு மூன்று நாள் ரிவி பார்க்கும்போது மாஸ்க்கும் குழாயுமாக உட்காரட்டும், பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முகத்தை வைக்கட்டும், கடல் அதற்குப் பிறகு. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் குழாயே வேண்டாம் என்பது என் கட்சி. மாஸ்க் மட்டும் போட்டு லைஃப் ஜாக்கெட்டோடு கையில் வைத்துக் காட்டுங்கள், மீன் பார்க்க அதுவே போதும்.

மறுபக்கமும் உண்டு. என் மனைவிக்கு முகம் ஒடுக்கம், எட்டு வருசமாகப் போடுவது ‘ஜூனியர்’ என்று எழுதிய மாஸ்க்தான், ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் குழாய் பெரியவர்களுடையது.

முழு முக மாஸ்க்

2014இல் சந்தைக்கு வந்ததிலிருந்து இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மூக்காலும் மூச்சு விடலாம், வாயில் எதையும் கடிக்கத் தேவையில்லை, படமும் வடிவாக வரும். நல்லவற்றில் விட்ட காற்று தனி வழியால் வெளியே போகும், மலிவான பிரதிகளில் அந்த வால்வுகள் சரியாக மூடாது, வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். தண்ணீர் உள்ளே வந்தால் வாயிலிருந்து துப்பிவிட முடியாது, முழுதையும் கழற்ற வேண்டும், பதற்றத்தில் பின்பட்டி கைக்கு அகப்படாது. 2020இல் இத்தாலியில் கொரோனா நோயாளிகளுக்கே இதை மாற்றிப் பாவித்தார்கள் என்று ஒரு மச்சான் என்னோடு வாதாடினார். அங்கே ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து ஒக்சிசன் போனது, மச்சான். இங்கே இழுக்க வேண்டியது உங்களுடைய நெஞ்சு. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

குழாய் நீண்டால் ஆழம் பார்க்கலாம் என்பது

சின்ன வயதில் பப்பாசி இலைத்தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்துக்குள் ஒளிந்து விளையாடியவர்களுக்கு இந்த நினைப்பு போகாது. ஒரு மீற்றர் ஆழத்தில் தண்ணீர் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 100 கிராம் பாரத்தை வைக்கிறது. நெஞ்சு முழுவதுக்கும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பாரத்தைத் தள்ளி மேலிருந்து காற்றை இழுக்க நம் தசைகளால் முடியாது. நாற்பது சென்ரிமீற்றருக்குள் நிறுத்தியிருப்பது காரணத்தோடுதான்.

‘டிரை’ என்று விற்கும் குழாயில் உச்சியில் ஒரு மிதவை இருக்கும், அலை வந்தால் மூடிக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் மூடும்போது தண்ணீரோடு காற்றும் நின்றுவிடும், அதை எதிர்பார்க்காதவர் திடுக்கிட்டுவிடுவார். ஒரு மணல் அகப்பட்டாலும் மூடியபடியே நிற்கும். தொடங்குகிறவர்களுக்கு, மேலே தெறிப்புத் தடுப்பும் அடியில் ஊதித் தள்ளும் வால்வும் உள்ள சாதாரணக் குழாய் போதும். "பூ" என்று பலமாக ஒருமுறை ஊதப் பழகினால் மிதவை தேவையே இல்லை.

புது மாஸ்க்கை நேரே கடலுக்குக் கொண்டுபோவது

புகை படிந்து ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் உட்பக்கத்தில் செய்யும்போது படிந்த மெல்லிய பூச்சு இருக்கும். வெள்ளைப் பற்பசையை (ஜெல் இல்லை) விரலால் தேய்த்து ஒரு இரவு விட்டுக் கழுவுங்கள், மூன்று தடவை. லைட்டரால் சுடுவது யூரியூப் வித்தை, ஓரத்து சிலிக்கோன் போய்விடும். இதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குமுன் உட்பக்கத்தில் எச்சிலைத் தேய்த்து அலசினால் போதும்.

மூக்குக்கண்ணாடியை உள்ளே போடலாம் என்பது

காதுக்குப் போகும் கம்பி சிலிக்கோனைத் தூக்கும், ஒழுகும். இரண்டு கண்ணாடி உள்ள மாஸ்க்குகளுக்குப் பவர் வைத்த கண்ணாடிகள் அரை அரைப் பவராக விற்கிறார்கள், கண்ணுக்கு ஒன்று வேறுவேறாகப் பூட்டலாம். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கிட்டப்பார்வை கொஞ்சம் என்றால் சும்மாவே சமாளிக்கலாம்.

மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைப்பது

அலை எடுக்கும். கழுத்துக்கு இறக்குங்கள்.

மீசை

மூக்குக்குக் கீழே ஒரு கீற்று மழித்தால் சிலிக்கோன் தோலில் படியும். வாசலின் பூசலாம் என்பார்கள், அது விரலில் ஒட்டிக் கண்ணாடிக்குப் போனால் நாள் முழுக்க மங்கல்தான். நான் மழிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் தலையைத் தூக்கித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் குனிகிறேன், அக்காவின் மகன் பக்கத்தில் மிதந்தபடி பார்த்துச் சிரிக்கிறான்.