ஸ்டார்ட்டர் மோட்டாரில் வெண்கல புஷ் மாற்றுவது எப்படி?

ஸ்டார்ட்டர் மோட்டாரில் சுழலும் தண்டைத் தாங்கும் சிறு குழல்தான் புஷ். அதில் இருக்கும் சின்ட்டர்டு வெண்கல புஷ், உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூடேற்றிச் செய்தது; பெரும்பாலும் 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் வெள்ளீயம். அதன் நுண்துளைகளில்தான் எண்ணெய் இருக்கிறது. தண்டு சுழன்று சூடானால் எண்ணெய் வெளியே கசியும், ஆறியதும் உள்ளே போய்விடும். அதனால் தயவுசெய்து இதைப் பெட்ரோலில் கழுவாதீர்கள்.

புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள். அவசரமா? ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே ஆயிலை நிரப்பி, மறு வாயை ஆள்காட்டி விரலால் நன்றாக அழுத்துங்கள். வெளிச்சுவரில் வியர்வை மாதிரி ஆயில் துளிர்க்கும், அது வந்துவிட்டால் சரி.

அப்புறம் பொருத்துவது. புஷ் மேலேயே சுத்தியலால் தட்டக் கூடாது, ஓரம் நசுங்கிவிடும். தண்டின் அளவுக்குக் கடைந்த, தோள் (புஷ்ஷின் ஓரத்தில் முட்டி நிற்கும் தடித்த படி) வைத்த மாண்ட்ரலில், அதாவது புஷ்ஷுக்குள் நுழையும் உருளைக் கம்பியில், கோத்து, வைஸிலோ பிரஸ்ஸிலோ நேராக அழுத்தி இறக்குங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று எமரித்தாளை மட்டும் எடுக்காதீர்கள்: துளைகள் அடைபடும், தூளும் உள்ளே பதிந்து தண்டை அரிக்கும். தண்டில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால் எந்தப் புது புஷ்ஷும் நிற்காது, முதலில் அதைப் பாருங்கள்.