புதிய ரோட் பைக்கில் முதல் நெடும்பயணம்: வெள்ளவத்தையிலிருந்து களுத்துறை வரை

புதிய ரோட் பைக் வீட்டுக்கு வந்த அன்றே அதில் எங்காவது தூரமாகப் போய்வர வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆயினும் கடையிலிருந்து இறங்கிய சைக்கிள் இன்னும் பொருந்தி முடியாத சைக்கிள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கியர் கேபிளின் உறை முதற்பயணங்களில் நெருங்கி அமர்வதால் கேபிள் தளர்ந்து கியர் தடுமாறும். புதிய சக்கரக் கம்பிகள் தம் இடத்தில் அமரும்போது 'டிங்' என்று ஒலிக்கும். சில ஆணிகளும் சற்றே தளரக்கூடும். ஆகவே நெடும்பயணத்துக்கு முன் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியோ தியவன்னா ஓயாக் கரையிலோ 10 கிலோமீற்றர் அளவில் இரண்டு மூன்று குறும்பயணங்களை முடித்து, குறைகளை வீட்டுக்கு அருகிலேயே வெளிவரச் செய்யுங்கள்.

இந்தக் குறும்பயணங்களில் முதலில் சரிசெய்ய வேண்டியது ஆசனத்தின் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி அமர்ந்து, பெடல் மிகக் கீழே நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறையச் சரி. ஓடும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்காலில் தேவையான சிறு வளைவு தானே வந்துவிடும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கூடுதலாக உயர்ந்திருந்தால் இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

இதை நான் வலியோடுதான் அறிந்துகொண்டேன். என் முதல் நெடும்பயணத்தில் இரத்மலானையைத் தாண்டியதும் முழங்காலின் முன்பக்கம் குத்தத் தொடங்கியது. பழக்கமின்மை என்று எண்ணி மிதித்துக்கொண்டே போனேன். மொறட்டுவையில் இறங்கிப் பார்த்தபோது ஆசனத்தண்டு இரண்டு விரலகலம் சட்டத்துக்குள் இறங்கியிருந்தது, அது இறங்கிய வழியில் புதிதாக ஒரு கீறலும் தெரிந்தது. விற்ற கடையில் அந்த ஆணியைச் சரியாக இறுக்கவில்லை, நானும் புறப்படுமுன் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஆசனத்தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு ரேப்பை ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன். தண்டு எவ்வளவு இறங்கினாலும் ரேப் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் சைக்கிளிலும் இதைச் செய்யுங்கள். ஆசனத்தண்டு, ஹாண்டில், பெடல் ஆகிய மூன்றையும் அலன் சாவியால் (அறுகோணத் தலையுள்ள சாவி) சோதியுங்கள். இடதுபக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் இறுகும் என்பதையும் மறவாதீர்கள். காபன் பாகம் எதுவும் இருந்தால், அதில் அச்சிட்டுள்ள நியூட்டன் மீற்றர் (இறுக்கும் விசையின் அலகு) அளவுக்கு மேல் இறுக்கவே கூடாது.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளானால் பிரேக்கையும் பழக்க வேண்டும். வாகனமில்லாத தெருவில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி சீராகப் பிடித்து நடைவேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இதை ஏறத்தாழ இருபது தடவை செய்தால், பிடிகட்டையின் மெல்லிய படலம் சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டில் படிந்து பிரேக்கின் முழு வலுவும் வரும்.

அடுத்தது காற்று. ரோட் பைக் ரியூப்பின் வால்வு பெரும்பாலும் மெல்லிய, நீளமான பிரெஸ்டா வகையாக இருக்கும். அதன் தலையிலுள்ள சிறிய ஆணியைத் தளர்த்திய பின்னரே காற்று ஏறும். காலி வீதியோரத்து ரயர் கடைகளின் காற்றுக்குழாய் மோட்டார் வாகன வால்வுக்கே பொருந்துவதால், கட்டைவிரல் நுனியளவு பித்தளை அடப்டர் ஒன்றை வாங்கி எப்போதும் பையில் வைத்திருங்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கு ஏற்றினால்தான் வேகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள்; நம் வீதிகளுக்கு அது பொருந்தாது. 28 மில்லிமீற்றர் ரயரில் 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 70 முதல் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை போதுமானது, குழி விழுந்த தாரில் கை மரத்துப்போகாமலும் இருக்கும்.

எந்தத் திசையில் போவது என்பதை ஆசையை விட்டுவிட்டுக் காற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே. முதல் நெடும்பயணத்தில் போகும் பாதி உற்சாகத்திலேயே முடிந்துவிடும். உடலையும் சைக்கிளையும் சோதிப்பது திரும்பும் பாதிதான். எனவே திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே களுத்துறைப் பக்கம் போனால், போகும்போது எதிர்க்காற்றோடு போராடினாலும் களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசுகையில், வத்தளை, ஜா-எல வழியே நீர்கொழும்புக்குப் போய்வருவது நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், அம்மாதங்களில் முற்பகலுக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். அதிவேக நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை.

தெற்குப் பாதையை எடுத்துக்கொண்டால், வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறைப் பாலம் சுமார் 19 கிலோமீற்றர், களுத்துறை சுமார் 34 கிலோமீற்றர். ஞாயிறு விடியலில், முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய, சூரியன் எழுமுன் புறப்படுங்கள். தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்று கடைகள் திறக்குமுன் கடந்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். வீதியின் ஓரத்தோடு ஒட்டி ஓடாதீர்கள். மணலும் உடைந்த கண்ணாடியும் வடிகான் மூடிகளின் இடுக்கும் அங்கேதான் இருக்கின்றன. மெல்லிய ரயர் அந்த இடுக்கில் இறங்கினால் முன்னால் தூக்கி எறியப்படுவீர்கள். ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓடுங்கள்.

நின்றிருக்கும் பஸ்ஸின் இடப்பக்கமாக ஒருபோதும் நுழையாதீர்கள். பயணிகள் இறங்குவது அந்தப் பக்கம்தான். ஒன்றில் பின்னால் காத்து நில்லுங்கள், இல்லையேல் திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கமாகக் கடந்து செல்லுங்கள். பாணந்துறை, வாத்துவைப் பக்கம் கடலோரம் போக ஆசைப்பட்டு ஒழுங்கைகளில் இறங்கினால் ரயில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டிவரும். சக்கரம் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக வரும்படி திருப்பிக் கடவுங்கள். மழையில் இறங்கித் தள்ளிச் செல்வதே சரி. களுத்துறையில் களுகங்கைப் பாலத்தருகே போதி மரத்தடியில் காணிக்கை போடுவதற்காக வாகனங்கள் திடீரென இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அந்த இடத்தில் கைகள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும்.

முதல் அரைமணி நேரம், பக்கத்தில் வருபவரோடு மூச்சுத் திணறாமல் பேசக்கூடிய வேகத்திலேயே ஓடுங்கள். பாரமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பது முழங்காலைக் காக்கும். தெஹிவளை மேம்பாலம் போன்ற ஏற்றங்களில் பாரம் ஏறிய பின் கியர் மாற்றாமல், ஏறுமுன்பே மாற்றிவிடுங்கள்.

கொழும்பின் ஈரப்புழுக்கத்தில் தாகம் எடுத்த பின் குடிப்பது தாமதம். மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். இரண்டு போத்தல்களில் ஒன்றில் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்து எடுத்துச் செல்லுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் சாப்பிட்டால் போதும். வழியில் செவ்விளநீர் கிடைக்கும். ஆனால் ஆறுதலாக அமர்ந்து சாப்பிடும் காலையுணவைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாணந்துறைப் பாலத்தில் நின்று மூன்றைப் பாருங்கள்: முழங்காலில் வலி உண்டா, கியர் ஒழுங்காக விழுகிறதா, தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிறதா? ஒன்றில் குறை கண்டாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். போய்வர 38 கிலோமீற்றர் ஆகிவிடும், முதல் பயணத்துக்கு அதுவே நிறைவான தூரம்.

காற்றுப் போனால் பதறாமல் நிழலில் ஒதுங்குங்கள். பின்சக்கரமானால், கழற்றுமுன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டிஸ்க் பிரேக்கில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்காதீர்கள். ரயரின் ஒரு விளிம்பை நெம்பி எடுத்து ரியூப்பை உருவிய பின், புதிய ரியூப்பைப் போடும் அவசரத்தில் அடுத்த வேலையை விட்டுவிடாதீர்கள்: ரயரின் உட்புறம் முழுவதையும் விரல்நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். லொறி ரயர்களிலிருந்து உதிரும் மயிரளவு இரும்புக் கம்பி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டுமே முள்ளாக உறுத்தும். அதை எடுக்காவிட்டால் புதிய ரியூப்பும் நூறு மீற்றர் தாண்டாது. விழுந்து அடிபட்டால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். இலவச அம்பியூலன்ஸ் வரும். தலைக்கவசம், அடையாள அட்டை, தொலைபேசி ஆகியன இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

வீடு திரும்பியதும் குளிக்கப் போகுமுன் சைக்கிளைக் கவனியுங்கள். கடற்காற்றின் உப்பு சில நாட்களிலேயே செயினில் துருவை வைத்துவிடும். ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, செயினை உலர்ந்த துணியால் இழுத்துத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி செயின் எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள். கியர் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின் கியரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகை இடஞ்சுழியாக அரைச்சுற்றுத் திருப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னர் சைக்கிளைத் தூக்கிச் சக்கரங்களைச் சுழலவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால், கம்பிகள் அமர்ந்துவிட்டன என்று பொருள். அந்த வாரத்திலேயே கடைக்குக் கொண்டுபோய், வாங்கும்போது உறுதியளித்த முதல் இலவச சேர்விஸைக் கேட்டு வாங்கி, சக்கரங்களை நேராக்கித் தரச் சொல்லுங்கள்.