பழைய பேய்ப்படங்களில் யாருடைய அச்சம்? எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹொலிவூட் பேய்ப்படங்களில் கறுப்பின மக்களும் ஆசியர்களும் எவ்வாறு காட்டப்பட்டார்கள் என்பதைப் பற்றி யாழ்ப்பாணத்து இளையவர்கள் சிலர் அக்கறையோடு எழுதத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் அவ்வெழுத்துகளில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் முதன்மையானது, திரையில் எத்தனை பேர் தோன்றினார்கள் என்று எண்ணிவிட்டு, அத்தோடு தீர்ப்பை எழுதிவிடுவது.

1932இல் வெளிவந்த ‘வைற் ஸொம்பி’ ஹெயிட்டியில் நடக்கும் கதை. ஆகவே கறுப்பின மக்கள் அதில் இல்லாமல் இல்லை. பேலா லுகோசி நடித்த மந்திரவாதியின் சீனி ஆலையில், ஸொம்பிகள், அதாவது செத்த பின் மந்திரத்தால் எழுப்பப்பட்டு வேலை வாங்கப்படும் உணர்விழந்த மனிதர்கள், கூடைகளைச் சுமந்தபடி வரிசையாக நடக்கிறார்கள். ஒருவர் தடுமாறி அரவைக்குள் விழுகிறார்; ஆலை நிற்கவில்லை, மற்றவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆயினும் படம் நம்மைப் பதறச் சொல்வது இத்தொழிலாளிகளுக்காக அன்று, இதே நிலைக்கு ஆளாகும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காகவே. செத்த பின்னும் ஓய்வின்றி உழைக்க நேருமோ என்ற அச்சம், பிரெஞ்சு ஆட்சியில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தோரின் அச்சம்; படம் வந்தபோதோ ஹெயிட்டி அமெரிக்கப் படைகளின் பிடியில் (1915–1934) இருந்தது. மலையகத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நாம் அந்த ஆலைக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. யார் தோன்றுகிறார் என்பதோடு நின்றுவிடாமல், யாருடைய அச்சத்தைப் படம் பொருட்படுத்துகிறது என்றும் கேட்க வேண்டும்.

‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது அடுத்த தவறு. காலம் எதையும் தானாகத் தீர்மானிக்கவில்லை. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைக் காட்டக்கூடாது என்ற விதியை ஹொலிவூட் தயாரிப்பாளர்களே 1930இல் ஏற்று, 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். நோபிள் ஜோன்சன் என்ற கறுப்பின நடிகர், தம் மக்களுக்கான படங்களை எடுப்பதற்காக 1916இலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவரே 1932இல் ‘த மம்மி’யில் நூபியப் பணியாளராகவும், இன்னொரு படத்தில் முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டு ரஷ்யப் பணியாளராகவும் நடிக்க நேர்ந்தது. 1940இல் ஸ்பென்சர் வில்லியம்ஸ் எழுதிய ‘சன் ஒஃப் இங்காகி’ முழுக்க முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டது. அதில் ஒரு கறுப்பினப் பெண் மருத்துவர் முக்கிய பாத்திரமாக வருகிறார். அக்காலத்திலும் வேறு வழி இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இயக்குநரின் நோக்கத்தோடு பொருளை அடக்கிவிடுவதும் பிழையே. ஜோர்ஜ் ரொமேரோவின் ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’ (1968) படத்தின் திரைக்கதையில் நாயகனின் நிறம் குறிப்பிடப்படவில்லை. நடிப்புத் தேர்வில் சிறந்து விளங்கியதால் டுவான் ஜோன்ஸ் தெரிவானார் என்று ரொமேரோ கூறியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு, ‘அப்படியென்றால் படத்தில் இனப்பிரச்சினையே இல்லை’ என்று சிலர் வாதிடுகிறார்கள். எழுந்து நடமாடும் பிணங்களோடு இரவு முழுவதும் போராடிப் பிழைத்த அந்தக் கறுப்பின நாயகனை, விடிந்ததும் ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் அவனும் அத்தகைய பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. பின்னர் அவனுடைய உடலைக் கொக்கியால் இழுத்துச் செல்வது அசையாப் புகைப்படங்களாக, பத்திரிகைச் செய்திப் படங்களைப் போன்ற சொரசொரப்போடு, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அப்படங்களைக் கண்டவர்கள் எதை நினைத்திருப்பார்கள் என்பது திரைக்கதையில் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நடிகர்களின் பங்கை மறப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘பிளாக்குலா’ (1972), டிராகுலா என்ற இரத்தக் காட்டேரியின் பெயரைத் திரித்த மலிவான தலைப்பால் ஒதுக்கப்படுகிறது. ஆனால் நாயகனை, அடிமை வணிகத்தை நிறுத்த உதவி கேட்டுச் சென்ற ஆபிரிக்க இளவரசனாக மாற்றச் செய்தவர் அப்பாத்திரத்தில் நடித்த வில்லியம் மார்ஷலே.

இவ்வளவையும் ஹொலிவூட்டுக்கு எதிராக எழுதிவிட்டு, நாம் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களைத் தொடாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் தவறு. இறகும் சாயமும் பூண்டு கூச்சலிடும் ‘காட்டுவாசிகள்’, மலையாளத்திலிருந்து வரும் மாந்திரீகர், பழிவாங்குவதற்காக மட்டுமே வாய் திறக்கும் இறந்த பெண் ஆகியோர் வரும் படங்களிடமும், யாருடைய அச்சம் பொருட்படுத்தப்படுகிறது என்ற அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பனங்கூடலில் நிற்கும் முனியையும், பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் கொத்தியையும் பற்றி நம் ஆச்சிமார் சொன்ன கதைகளுக்குத் தமிழகத்துப் பழைய பேய்ப்படங்களில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பதும் அக்கட்டுரைகளில் எழுதப்பட வேண்டிய விடயமே.