ஐரோப்பாவில் வாடகை கார் எடுக்கப் போகிறீர்களா?

வேலூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து தம்பதியாகக் கிளம்புகிறவர்கள், விசா கைக்கு வந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். இருவரும் ஓட்டுவதானால் ஆளுக்கொன்று வேண்டும். அசல் லைசென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் அனுமதி மட்டும் உதவாது.

கார் வாடகை நிறுவனத்தின் கவுன்டரில் பலரும் மாட்டிக்கொள்வது கிரெடிட் கார்டில்தான். புக்கிங் கணவர் பெயரில், கார்டு மனைவி பெயரில் என்றால் பெரும்பாலும் சாவி தரமாட்டார்கள். டெபாசிட்டுக்காக ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள்; கார்டில் வரம்பு போதாவிட்டாலும் இதே கதிதான். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் ஊரிலேயே திறந்து வையுங்கள்.

எந்தெந்த நாடுகளுக்குள் போவீர்கள் என்பதை அந்த நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எல்லை தாண்டினால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான கட்டண வில்லை, அதாவது விக்னெட், 40 பிராங்க். ஆண்டு விக்னெட் மட்டும்தான். ஆஸ்திரியாவில் 10 நாளுக்கும் கிடைக்கும்.

ஐரோப்பாவில் மேனுவல் கார்கள் அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கேட்டே புக் செய்யுங்கள். பெரும்பாலான நாடுகளில் வண்டி வலப்பக்கம் ஓடும், கியர் வலக்கையில், இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். திரும்பும்போது பழக்கத்தில் வைப்பர்தான் ஓடும். முதல் நாள் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது, வலது” என்று சொல்லிக்கொண்டே வரட்டும்.