கப்பலேறும் முன் சோதனையில் மாட்டிவிடும் பழக்கங்கள்

பாம்பனிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பிறந்தவர்களுக்குக் கப்பல் என்றால் ஒரு தெனாவட்டு உண்டு. ‘நாம பார்க்காத கடலா?’ என்பார்கள். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போய்வந்த தாத்தாவின் கதை பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியதும் நம் பக்கத்து ஆட்களும் ராத்திரி ரயில் பிடித்துப் போய் ஏறுகிறார்கள். அந்தத் தெனாவட்டு துறைமுகத்து எக்ஸ்ரே இயந்திரத்திடம் செல்லாது.

விமானத்தில் போய்ப் பழகியவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். கைப்பையில் கத்தி கூடாது, பெரிய பெட்டியில் வைத்தால் பரவாயில்லை என்ற கணக்கு அங்கே சரி. விமானத்தில் அந்தப் பெட்டி இறங்கும்வரை உங்கள் கைக்கு வராது. கப்பலிலோ அது நேரே உங்கள் அறைக்கு வந்துவிடும். அதனால் கைப்பைக்கு உள்ள தடை பெட்டிக்கும் உண்டு. ரயிலில் மாம்பழம் நறுக்க எடுத்த கத்தி, ஊரில் யாருக்கோ கொடுக்க வாங்கிய அரிவாள்மனை எல்லாவற்றையும் சென்னையில் உறவினர் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கத்தியைவிட அதிகம் சிக்குவது சூடேறும் சாமான்கள். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி, அறையில் சாமி கும்பிட எடுத்துப்போகும் கற்பூரம், ஊதுபத்தி. நடுக்கடலில் தீப்பிடித்தால் என்னாகும் என்று வள்ளத்தில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சின்னம்மா பேரனுக்குப் பால் காய்ச்ச ஒரு கெட்டிலைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். எல்லோருடைய பெட்டியும் அறைக்கு வந்துவிட்டது, அவருடையது மட்டும் வரவில்லை. கடைசியில் கீழே பாதுகாப்பு அறைக்குப் போய், அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து, கெட்டிலை ஒப்படைத்துவிட்டு வந்தார். வெந்நீர் கேட்டால் கப்பலிலேயே தருவார்கள்.

பெட்டி வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், நகை, மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். பொட்டலத்தில் மடித்த பெயரில்லாத சூரணம் உங்களுக்கு மருந்து, சோதிப்பவருக்கு வெறும் பொடி.

அப்புறம், இனிஷியல் சங்கதி. டிக்கெட்டில் ‘மு. கணேசன்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் வாசலில் நின்று விளக்க வேண்டிவரும். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிடுங்கள். இலங்கை போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அடுத்தவர் பொட்டலத்தை வாங்கிக்கொள்வது. ‘அந்தப் பக்கம் எங்க மச்சான் வந்து வாங்கிக்குவாரு, கொஞ்சம் கொடுத்துடுங்க’ என்று ஒருவர் வந்து நிற்பார். மறுக்க முகம் வராது. ஆனால் பீடி இலையும் மஞ்சளும் வலி மாத்திரையும் கடல் தாண்டிப் போய்ப் பிடிபடும் செய்தியை வாராவாரம் படிக்கிற ஊர் நம்முடையது. பொட்டலத்துக்குள் வெறும் கருவாடு என்று அவர் சத்தியமே செய்யட்டும், பிரித்துப் பார்க்காமல் பையில் வைக்காதீர்கள். உங்கள் பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மச்சான் அங்கே நிற்கமாட்டார்.

சோதனை ஒருமுறையோடு முடிவதில்லை. வழியில் இறங்கி ஊர் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் உண்டு. கரையில் வாங்கிய மதுப்புட்டியைப் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். கடற்கரையில் கிடக்கிற பவளத் துண்டை அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். மன்னார் வளைகுடாக் கரையில் வளர்ந்தவருக்கு அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிற பொருள் என்பது தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.